துளசியும் அதன் பங்காளிகளும்

மாங்காய் முற்றத் தொடங்கியதும் கிருஷ்ணகிரிப் பக்கத் தோப்புகளில் கிளைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் டப்பாக்கள் தொங்க ஆரம்பிக்கும். மூடியில் கொக்கி, பக்கவாட்டில் ஈ நுழையும் அளவுக்கு ஓட்டை, உள்ளே மருந்தில் ஊறிய சிறு மரத்துண்டு. சில நாள் கழித்து டப்பாவைக் கழற்றிக் கவிழ்த்தால் பழ ஈக்கள் கொத்தாகக் கொட்டும். அத்தனையும் ஆண் ஈக்கள். மரத்துண்டில் பூச்சிக்கொல்லியோடு சேர்ந்து ஊறியிருக்கும் மெத்தில் யூஜினால் என்ற எண்ணெய்தான் அவற்றை இழுத்து வந்தது. கடையில் பொறி வாங்காதவர்கள் ஒரு கைப்பிடித் துளசியை நசுக்கி, தண்ணீரில் பூச்சிமருந்து கலந்து சட்டியில் வைப்பார்கள். அதற்கும் ஈ வரும். காரணம், அதே மெத்தில் யூஜினால் துளசி இலையிலும் இருப்பதுதான்.

இந்த ஈர்ப்பை முதலில் துப்புத் துலக்கியவர் எஃப். எம். ஹவ்லெட். பீகாரின் பூசாவில் ஆங்கிலேயர் நடத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியலாளராக இருந்தவர். பழ ஈக்கள் சிட்ரோனெல்லா எண்ணெயைத் தேடி வருவதைக் கவனித்து, எண்ணெயின் எந்தக் கூறு அவற்றை அழைக்கிறது என்று பிரித்துப் பார்த்தார். 1915-இல் அவர் வெளியிட்ட விடைகளில் மெத்தில் யூஜினாலும் ஒன்று. ஆண் ஈ இதை மணத்துக்காக மட்டும் நாடவில்லை என்பது பின்னாளில் தெரிய வந்தது. அது இந்தப் பொருளைத் தின்று, உடலுக்குள் மாற்றி, பெண் ஈயைக் கவரும் மணமாகச் சேமித்து வைக்கிறது. தின்ற ஈக்குத் துணை கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆனால் எந்தத் துளசியை நசுக்கினாலும் இந்த வித்தை பலிக்காது. சில துளசிச் செடிகளின் எண்ணெயில் மெத்தில் யூஜினால் கொஞ்சம்தான். பெரும்பங்கு வெறும் யூஜினால், அதாவது கிராம்பின் மணம். இரண்டு செடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டால் இலையைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. கிருஷ்ண துளசி, ராம துளசி என்று நாம் பிரிப்பது தண்டிலும் இலையிலும் ஏறும் ஊதா நிறத்தைப் பார்த்து. எண்ணெய்க்குள் இருக்கும் பிரிவினை அந்தக் கோட்டை ஒட்டிப் போவதில்லை. யூஜினாலுக்கும் மெத்தில் யூஜினாலுக்கும் நடுவே இருப்பது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சின்னத் துணுக்கு. அதற்குள்ளேயே ஈ வருவதும் வராததும் தீர்மானமாகிவிடுகிறது.

துளசி சேர்ந்திருக்கும் பேரினத்தின் பெயர் ஓசிமம். லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலிலேயே அது இடம்பெற்றுவிட்டது. நம் துளசிக்கு அந்த ஆண்டே ஓசிமம் டெனுயிஃப்ளோரம் என்று பெயர் வைத்தவர், 1767-இல் ஓசிமம் சாங்க்டம் என்று இன்னொரு பெயரையும் வைத்தார். ஒரே செடிக்கு இரண்டு பெயர். இன்றைக்கும் மருந்துக் குப்பிகளில் பிந்தைய பெயரும் தாவரவியல் நூல்களில் முந்தைய பெயரும் ஓடிக்கொண்டிருக்கின்றன. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் ஆலன் பாட்டன் இந்தப் பேரினத்தைச் சீர்செய்து, சுமார் 65 சிற்றினங்கள் என்று கணக்குச் சொன்னார். வேறு சிலர் 30 என்கிறார்கள், சிலர் 150-க்கு மேலே போகிறார்கள். ஒரே பேரினத்துக்குள் இவ்வளவு பெரிய கணக்கு வித்தியாசம் வருவதே இது எவ்வளவு சிக்கலான கூட்டம் என்பதற்குச் சாட்சி. சிற்றினங்கள் மிகுதியாக இருப்பது ஆப்பிரிக்காவில்.

தமிழ்நாட்டுக்காரருக்கு இதில் பல பேர் பழக்கமானவர்களே. சர்பத்தில் ஊறவைத்தால் கண்ணாடி உருண்டைபோல் உப்பும் சப்ஜா விதை, திருநீற்றுப்பச்சிலைச் செடியின் விதை. இத்தாலிக்காரர் பெஸ்டோ அரைக்கும் பேசில் அதே ஓசிமம் பசிலிகம்தான். வரப்போரம் தானாக முளைக்கும் நாய்த்துளசி இன்னொரு சிற்றினம். கஞ்சாங்கோரை என்றும் சொல்வார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்து தண்டு கட்டையாகிவிடும் எலுமிச்சந்துளசி, ஓசிமம் கிராட்டிஸ்ஸிமம். கற்பூரத் துளசிக்கு கிளிமஞ்சாரோ மலையின் பெயர். அதன் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா.

இந்தக் கூட்டத்தை மோந்து பார்த்தால் அஞ்சறைப் பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும். யூஜினால் கிராம்பு மணக்கும், மெத்தில் சாவிகால் சோம்பு மணக்கும், லினலூல் கொத்தமல்லி விதையின் மணம். தைமால் என்றால் ஓமம். மெத்தில் சின்னமேட் பட்டையை நினைவூட்டும். சிட்ரால் எலுமிச்சைப்புல், சினியோல் யூகலிப்டஸ் தைலம், கற்பூரத் துளசியில் அசல் கற்பூரமே. எந்த மணம் எந்தச் சிற்றினத்துக்கு என்று வரிசைப்படுத்திவிடலாம் என்று ஆசை வரும். ஆய்வாளர்களுக்கும் வந்தது. அந்த ஆசையைச் செடிகள் நிறைவேற்றவில்லை.

ஏன் என்பதை இலையிலிருந்தே தொடங்கலாம். திருநீற்றுப்பச்சிலையின் இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்து, நகை பார்க்கும் லென்ஸ் வழியே பார்த்தால், அடிப்பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் மினுங்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுரப்பி. குட்டைக் காம்பின் மேல் நாலு செல்கள் பூப்போல வட்டமாக உட்கார்ந்திருக்கும். அவற்றின் தலைக்கு மேல் மெல்லிய தோல் உப்பி, நடுவில் ஒரு பை. செல்கள் சுரக்கும் எண்ணெய் இந்தப் பையில் தேங்கும். இலையைக் கசக்கும்போது பை உடைகிறது, மணம் வருகிறது. கசக்காத செடி அவ்வளவாக மணக்காததற்கு இதுதான் காரணம். இந்தச் சுரப்பிகளை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, அவற்றில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்த்ததிலிருந்துதான் கதை தெளிவாகத் தொடங்கியது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எரன் பிச்செர்ஸ்கி குழுவினர் 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் இதைச் செய்தார்கள்.

சுரப்பிக்குள் இரண்டு தனித்தனி உற்பத்தி வரிசைகள் உண்டு. ஒன்று ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து கிளம்பி யூஜினால், சாவிகால், சின்னமேட் வகைகளைத் தரும். இன்னொன்று டெர்பீன் வரிசை. லினலூலும் ஜெரானியாலும் சினியோலும் கற்பூரமும் அங்கிருந்து. ஜெரானியாலை இன்னொரு நொதி ஆக்சிஜனேற்றினால் சிட்ரால். ஒரு செடியில் எந்த வரிசை ஓங்கி நிற்கிறது, அந்த வரிசையின் கடைசிப்படியில் எந்த நொதி உட்கார்ந்திருக்கிறது என்பதே அந்தச் செடியின் மணம். முதல் படிகள் எல்லாச் செடிக்கும் ஏறத்தாழப் பொது.

கடைசிப்படி எவ்வளவு லேசாக மாறக்கூடியது என்பதைத்தான் 2002-இல் பிச்செர்ஸ்கி, டேவிட் கேங் முதலானோர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. திருநீற்றுப்பச்சிலையின் சுரப்பியிலிருந்து இரண்டு நொதிகளைப் பிரித்தார்கள். ஒன்று சாவிகாலைப் பிடித்து மெத்தில் சாவிகாலாக்கும்: சோம்பு மணம். மற்றொன்று யூஜினாலைப் பிடித்து மெத்தில் யூஜினாலாக்கும். இரண்டின் அமினோ அமில வரிசையும் பத்தில் ஒன்பது பங்கு ஒன்றேதான். எந்தப் பொருளைப் பிடிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஒரே ஓர் இடம் முடிவு செய்கிறது: ஒன்றில் அங்கே ஃபினைல்அலனின், மற்றதில் சீரின். ஆய்வகத்தில் அந்த ஒரு இடத்தை மாற்றியதும் நொதியின் விருப்பமும் மாறிவிட்டது. முன்னூற்றைம்பதுக்கு மேற்பட்ட மணிகள் கோத்த சரத்தில் ஒரு மணியை மாற்றினால் சரமே வேறு என்ற கணக்கு. ஒரு செடி தன் பெற்றோரின் மணத்தைவிட்டு விலகிப்போக இதற்குமேல் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை.

ஆகவே எண்ணெய்த் தொழிலில் இருப்பவர்கள் சிற்றினத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்குவதில்லை. 1988-இல் பிரையன் லாரன்ஸ் என்ற எண்ணெய் வேதியியலாளர், ஓசிமம் பசிலிகம் ஒன்றையே நாலு வேதிவகையாகப் பிரித்தார்: மெத்தில் சாவிகால் ஓங்கியது, லினலூல் ஓங்கியது, மெத்தில் யூஜினால் ஓங்கியது, மெத்தில் சின்னமேட் ஓங்கியது. இப்படிப் பிரித்தும் எல்லாச் செடியும் அதற்குள் அடங்கவில்லை. இரண்டு பொருள்கள் சம பங்காக நிற்கும் செடிகள் வந்தன. யூஜினால் மிகுந்தவை வந்தன. சந்தையில் ஐரோப்பிய வகை எண்ணெய் என்றால் லினலூல் முன்னே நிற்கும். இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன், கொமோரோ தீவுகளின் பெயரால் விற்கும் எண்ணெய் என்றால் பெரும்பங்கு மெத்தில் சாவிகால். சிற்றினத்தின் பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான், விலையும் உபயோகமும் வேறு.

இந்த வித்தியாசத்தைச் சமையலறையில் வைத்துப் பிரித்தவர்கள் தாய்லாந்துக்காரர்கள். அவர்கள் சந்தையில் மூன்று கட்டு துளசி தனித்தனியாக விற்கும். சோம்பு மணக்கும் ஹொராபா பச்சைக் குழம்பில் போகும். அது மெத்தில் சாவிகால் வகைப் பசிலிகம். காரமாக வதக்கும் இறைச்சிக்கு கப்ராவ். அது நம் துளசிதான். நமக்குப் பெருமாள் கோயில் தீர்த்தத்தில் இருக்கும் இலை, அங்கே பாங்காக் நடைபாதைக் கடையில் மிளகாய்ப் பூண்டோடு வாணலியில் புரள்வதைப் பார்க்கும் தமிழர் ஒரு நிமிடம் திகைக்கத்தான் செய்வார். மூன்றாவது மெங்லக், எலுமிச்சை மணம், சூப்புக்கும் நூடுல்சுக்கும். ஒன்றின் இடத்தில் ஒன்றைப் போடுவது அங்கே சமையல் தெரியாதவர் வேலை.

இத்தாலியின் ஜெனோவாக்காரர்களின் பிடிவாதம் வேறு தினுசு. லிகூரியா கடற்கரையில் விளையும் ஜெனோவா பேசிலுக்கு 2005-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் கிடைத்தது. புதினா சாயல் இருந்தால் அந்த இலை தகுதி இழக்கும். மெத்தில் சாவிகால் கலந்தால் அந்தச் சாயல் வந்துவிடும். செடி குட்டையாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிக் கட்டுக்கட்டுவதும் அங்கத்திய வழக்கம். இங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது. ஜெனோவா வகைச் செடியைப் பல உயரங்களில் அறுத்து எண்ணெயை அளந்த இத்தாலிய ஆய்வாளர்கள் 2001-இல் சொன்னது: பத்து சென்டிமீட்டருக்குள் இருக்கும் செடியில் மெத்தில் யூஜினால் ஓங்கி நிற்கிறது; அதைத் தாண்டி வளர்ந்தால் யூஜினால் மேலே வருகிறது. வயதைவிட உயரத்தோடுதான் இது பொருந்திப் போனது.

மெத்தில் யூஜினாலை அதிக அளவில் கொடுத்த எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் கட்டிகள் வந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ள பொருள் என்று குறித்தது. 2023-இல் ஒரு படி ஏற்றி, அநேகமாக உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் வைத்தது. அந்த வரிசை எவ்வளவு தின்றால் ஆபத்து என்று சொல்வதில்லை, ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதை மட்டும் சொல்கிறது. தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் அளவு பெஸ்டோ தின்பவருக்கும், துளசித் தீர்த்தம் ஒரு உத்தரணி வாங்குபவருக்கும் இதனால் தூக்கம் கெட வேண்டியதில்லை. எண்ணெயாக வடித்துக் குப்பியில் அடைத்து, தினம் இத்தனை சொட்டு என்று விற்பவர்கள்தான் தங்கள் செடி எந்த வேதிவகை என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். பல லேபிள்களில் அந்த விவரம் இருப்பதில்லை.

எலுமிச்சந்துளசியின் கதையில் வேறொரு திருப்பம். நைஜீரியாவில் இதைச் சூப்பில் போடுகிறார்கள். யொரூபா மொழியில் எஃபின்ரின், இக்போவில் ஞ்சன்வு. மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் வகையில் தைமால் மிகுதி, அதாவது ஓம வாடை. இதே சிற்றினத்தில் யூஜினால் நிறைந்த செடிகளைத் தேர்ந்தெடுத்து, ஜம்முவில் இருந்த மண்டல ஆராய்ச்சிக்கூடம் ‘குளோசிமம்’ என்ற வகையை உருவாக்கியது. கிராம்பு எண்ணெயை இறக்குமதி செய்வதற்குப் பதிலாக வயலிலேயே கிராம்பு மணத்தை விளைவிக்கும் திட்டம் அது. கிராம்பு மரம் காய்ப்புக்கு வர வருடங்கள் ஆகும். இந்தப் புதரை நட்ட சில மாதத்தில் அறுக்கலாம். ரோஜா மணக்கும் ஜெரானியால் ஓங்கிய வகையும் இந்தச் சிற்றினத்தில் உண்டு. பெயரில் எலுமிச்சை இருக்கும் செடியில் ஓமமும் கிராம்பும் ரோஜாவும் வந்து நிற்கின்றன.

இது போதாதென்று, செடி நேரத்துக்கும் ஏற்றபடி மாறும். பிரேசிலின் வடகிழக்கில் சியரா மாநிலத்தில் இதே செடியை வெவ்வேறு பொழுதில் அறுத்து வடித்துப் பார்த்தார்கள். உச்சிவெயிலில் அறுத்த இலையின் எண்ணெயில் யூஜினால் 98 விழுக்காடு. சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் அறுத்ததில் வெறும் 11. செடியும் வயலும் அதேதான், மாறியது பொழுது மட்டும். வேதிவகை என்று ஒரு செடிக்கு முத்திரை குத்துகிறவர் எத்தனை மணிக்கு அறுத்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

இனி மரபணுப் பக்கம். துளசியின் முழு மரபணுத்தொகையை 2015-இல் இரண்டு இந்தியக் குழுக்கள் தனித்தனியே படித்து வெளியிட்டன. ஒன்று பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம், மற்றது லக்னோவின் மத்திய மருத்துவ நறுமணத் தாவர நிறுவனம். சுமார் 38 கோடி எழுத்துகள். தாவர உலகில் இது சின்னக் கையேடு. திருநீற்றுப்பச்சிலையுடையது 2020-இல் வெளிவந்தபோது 200 கோடி எழுத்துகளைத் தாண்டியிருந்தது, ஐந்து மடங்குக்கும் மேலே. பழைய காலத்தில் எப்போதோ குரோமோசோம்கள் இரட்டித்ததால் ஒவ்வொரு மரபணுவும் அதில் பல படிகளாக இருக்கிறது. ஒரு படி வழக்கமான வேலையைப் பார்த்துக்கொள்ள, இன்னொரு படி எழுத்து மாறி வேறு மணத்துக்குப் போக இடம் கிடைக்கிறது. டிஎன்ஏ அடையாளங்களை வைத்துக் கிளைப்படம் வரைந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, துளசி ஒரு மூலையில் தள்ளி நிற்பதையும், பசிலிகமும் நாய்த்துளசியும் அவற்றின் கலப்புகளும் ஒரு கொத்தாகச் சேர்வதையும்தான். மணத்தை மட்டும் கேட்டால் இந்தப் படம் வராது. யூஜினால் துளசியும் யூஜினால் எலுமிச்சந்துளசியும் நெருங்கிய உறவு போலத் தோன்றும், பாத்தியில் அடுத்தடுத்து நிற்கும் சோம்புப் பசிலிகமும் லினலூல் பசிலிகமும் அந்நியர் போலத் தோன்றும். இரண்டும் பொய். உறவுமுறை விசாரிக்க மணம் நம்பகமான சாட்சி இல்லை.

கலப்பின் கணக்கைத் தாய்லாந்தின் மெங்லக்கில் பார்க்கலாம். பசிலிகத்துக்குக் குரோமோசோம் 48, நாய்த்துளசிக்கு 24. இரண்டும் கலந்தால் பிள்ளைக்கு 24-உம் 12-உம் சேர்ந்து 36. ஜோடி பொருந்தாத இந்த 36 மலட்டுத்தன்மையைக் கொண்டு வரும். எப்போதாவது எல்லாமே இரட்டித்து 72 ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்து விதை பிடிக்கும். மெங்லக்கில் எண்ணிப் பார்த்தால் சரியாக 72. புஷ்பாங்கதனும் சோப்தியும் 1982-இல் வெளியிட்ட செல்லியல் ஆய்வில் இந்தப் பிறப்புக் கதையை நிறுவினார்கள்.

இரட்டிக்காமலே நின்றுபோன கலப்பும் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற ஊரின் நாற்றங்கால் ஒன்றில், 1983-இல் ஊதா நிற ‘டார்க் ஓபல்’ பேசிலுக்குப் பக்கத்தில் கற்பூரத் துளசி நின்றிருந்தது. தேனீ தன் வேலையைச் செய்தது. முளைத்த செடிக்கு ‘ஆப்பிரிக்கன் புளூ’ என்று பெயர். கற்பூரமும் கிராம்பும் கலந்த வாடை, வருடம் முழுக்கப் பூ, ஒரு விதைகூட இல்லை. இன்று உலகத் தோட்டங்களில் இருப்பதெல்லாம் குச்சி ஒடித்து நட்டு வந்த பரம்பரை. விதை வைக்க வேண்டியதில்லை என்பதால் பூத்துக்கொண்டே இருக்கும், தேனீக்களும் மொய்த்துக்கொண்டே இருக்கும்.

இந்தப் பங்காளிக் கூட்டத்தின் பெறுமானம் ஒரு நோய் வந்தபோதுதான் விவசாயிகளுக்கு உறைத்தது. இலையின் அடியில் சாம்பல் படர்ந்து மேற்பக்கம் மஞ்சளாகும் அடிச்சாம்பல் நோய் 1933-இல் உகாண்டாவில் முதலில் பதிவானது. பல பத்தாண்டு அடங்கிக் கிடந்து, 2001-இல் சுவிட்சர்லாந்திலும் 2007-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் தலைகாட்டியது. விதை வழியே பரவும் நோய் என்பதால் தடுப்பதற்குள் கண்டங்களைத் தாண்டிவிட்டது. சந்தையில் விற்ற ஜெனோவா வகைகளுக்குள் மரபு வேறுபாடு மிகக் குறைவு. எதிர்ப்புச் சக்தி தேடியவர்களுக்கு அங்கே ஒன்றும் அகப்படவில்லை.

நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சைமன் குழுவினருக்கு ‘ம்ரிஹானி’ என்ற வகையில் எதிர்ப்பு கிடைத்தது. சான்சிபார் தீவு வழி வந்த பசிலிகம் அது. மணமும் இலை வடிவமும் ஜெனோவாவுக்குப் பொருந்தாது. பல தலைமுறை கலந்து, கழித்து, நாலு புதிய வகைகளை வெளியிட்டார்கள். இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் யிகால் கோஹென் குழுவினர் இன்னும் தூரம் போய் நாய்த்துளசியையே பிடித்தார்கள். முதல் கலப்பில் பிறந்த செடிகள் நோயை அண்டவிடவில்லை, ஆனால் மலடு. அவற்றைப் பசிலிகத்தோடு மறுபடி சேர்த்து, விதையாக முற்றாமல் வீணாகவிருந்த கருக்களை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்துத்தான் வழி திறந்தது. பிபி1 என்ற ஒற்றை ஓங்கு மரபணு இப்படிக் காட்டிலிருந்து வயலுக்கு வந்து, ‘புரோஸ்பெரா’ என்ற வகையாக விற்பனைக்குப் போனது. சில ஆண்டுகளுக்குள் அந்த மரபணுவையும் மீறும் புதிய நோய்க்கிருமி இனம் தோன்றிவிட்டது. 2021-இல் பிபி2 என்ற இரண்டாவது மரபணு அடையாளம் காணப்பட்டது. இரண்டும் ஒரே செடியில் சேர்ந்திருந்தால் புதிய இனமும் அண்டுவதில்லை.